குடியிருக்கும் வீட்டில் வேலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போகிறாய் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. தொழில் எப்படிப் போகிறது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பதில் கொஞ்சம் நீளும்.

புது வீடு கட்டுகிறவருக்குக் காலி மனை கிடைக்கும். வீட்டைப் புதுப்பிக்கிற எனக்கு ஆட்கள் குடியிருக்கும் வீடுதான் கிடைக்கிறது. இருக்கிற ஒரே குளியலறையை உடைத்துப் போட்டால் அந்தக் குடும்பம் எங்கே போய்க் குளிக்கும்? பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், படுக்கையில் ஒரு பெரியவர் இருப்பார். அதனால் டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது தூங்குவார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கதவு இடுக்குகளை பிளாஸ்டிக் தாளால் அடைத்து, டைல்ஸைத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்கிறேன். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற நுண்ணிய கனிமத் துகள் வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும். வீட்டுக்காரருக்குச் சில நாள் தொல்லை. என் ஆட்களுக்கோ அதுதான் தினசரி மூச்சு. யாராவது முகக்கவசத்தைக் கழற்றி வைத்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

இதைவிடக் கஷ்டம் எஸ்டிமேட் போடுவது. பெயின்ட் உரிகிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் சுவரில் பதித்த குழாய் மெல்லக் கசிந்து ஓதம் ஏறியிருக்கும். பூச்சை உடைத்த பிறகுதான் துருப்பிடித்த குழாயும் எர்த் இல்லாத ஒயரிங்கும் கண்ணில் படும். அதற்காகவே 10 முதல் 15 சதவீதம் வரை தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வரியைப் பார்த்ததும் வேறு ஆளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. போகட்டும். குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பாதியில் போய்க் கையை நீட்ட எனக்கு மனம் வராது.

அப்புறம் இந்த அவசரம். வாட்டர்புரூஃபிங் அடித்த தளத்தில் குறைந்தது 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிமென்ட் பூச்சைச் சுமார் ஒரு வாரம் நனைக்க வேண்டும், பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் போகாத சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கொப்பளித்துக்கொண்டு வரும். ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது ஆள் வராத நாள், வேலை நடக்காத நாள். அதனால் தினமும் காலையில் ஒரு படத்தோடு, இன்று எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சேதி அனுப்பிவிடுகிறேன். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

“அதோடு இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்” என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம். ஒரு சுவிட்ச் போர்டைத் தள்ளி வைப்பதென்றால்கூடச் சுவரை வெட்ட வேண்டும், ஒயர் இழுக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். அதற்கான தொகையை எழுதிக் கொடுத்து, அவர் சரி என்ற பிறகே கை வைக்கிறோம். கூலியை வாரக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன், பாக்கி வந்தாலும் வராவிட்டாலும். ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீட்டுக்குச் சாமான் வாங்குவதில்லை. அப்படி ஆரம்பித்தால் எந்த வீட்டு வேலையும் முடியாது.

உன் வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மேல் மாடியில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா, ஏதாவது பீம் இந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அது பாரம் தாங்கும் சுவராக இருக்கலாம். சுவரின் தடிமனை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் சொல்லும்வரை யாரும் அதில் சுத்தியலை வைக்க வேண்டாம். வீட்டு வரைபடம் இருந்தால் எனக்கும் அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்