விடையை அடுத்த வாரம் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். சிறுவர் பக்கத்தில் விடுகதைக்குக் கீழேயே விடையைத் தலைகீழாக அச்சிடுகிறீர்கள். பிள்ளைகள் யோசிக்கும் முன்பே பேப்பரைத் திருப்பிவிடுகிறார்கள். விடையை அடுத்த வாரம் போடுங்களேன்.

நான் நீடாமங்கலம் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளர். தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் ஏதாவது விடுகதை போட்டுக்கொண்டே இருப்பேன். "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்றேன். நெற்பயிர் என்று சட்டெனச் சொன்ன மூன்றாம் வகுப்புப் பையன், "மிஷின் அறுத்தா நடுவும் வயல்லதானே டீச்சர் கிடக்கு?" என்று மடக்கிவிட்டான். சரிதான், வைக்கோலைக் கட்டவும் இப்போது மிஷின்தான் வருகிறது.

நானே கட்டிய ஒன்றையும் அனுப்புகிறேன்: "மழை பெய்தால் வயலில் கத்துவேன், தலையெழுத்தை எடுத்தால் நண்டுக்கு வீடாவேன்." விடை தனித்தாளில் இருக்கிறது. அதே நாளில் போட்டுவிடாதீர்கள்.

— சத்துணவு அமைப்பாளர், திருவாரூர் மாவட்டம்