போஸ்ட் கார்டு வந்துச்சு பாப்பா

பாப்பாவுக்கு, அப்பா எழுதுறது.

கார்டு செவ்வாக்கெழம வந்துச்சு. போஸ்ட்மேன் வாசல்ல நின்னுக்கிட்டே அகமதாபாத்துல இருந்து உங்க மக அனுப்பியிருக்குன்னு குடுத்துட்டுப் போனாரு, அவருக்கு நம்ம வீடு தெரியும்ங்கறதால வந்துச்சு, இல்லைன்னா எங்க போயிருக்குமோ. நீ பின்கோடு எழுதல பாப்பா. 626123, ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே மனப்பாடமா சொல்லுவ. முன்னாடி 6 இருந்தாத்தான் அது தமிழ்நாடு கேரளா பக்கம் திரும்பும். இனிமே மறக்காம எழுது.

கார்டு ரொம்ப நல்லா இருக்கு. இதை மொதல்லயே எழுதியிருக்கணும். 14க்கு 9 சென்டிமீட்டர், கவர்மெண்ட் கார்டு அளவுலயே வச்சிருக்க. முன்பக்கம் தீப்பெட்டி லேபிள் மாதிரி சுத்தி பார்டர் கட்டி செவப்பு கிரவுண்டுல கிளிய ஒக்கார வச்சிருக்க பாரு, அத பாத்ததும் எனக்கு பேச்சு வரல. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க, அந்தப் பெட்டிக்கு லேபிள் வேணும்னுதான் நம்ம சிவகாசியில அச்சுத்தொழிலே வளந்துச்சு, உன்னப்பத்தி ஒரு கார்டு பண்ணுன்னு காலேஜுல சொன்னதுக்கு நீ லேபிளை எடுத்துருக்க, வேற யாருக்கு இது தோணும். பிரஸ்ஸுக்கு கொண்டு போயி எல்லாருக்கும் காட்டுனேன், டீக்கடையிலயும் காட்டுனேன்.

ஆனா சில விஷயம் சொல்லணும், கோவப்படாத, நான் 26 வருஷமா மெஷின்ல நிக்கிறவன். ப்ளீடு பத்தல, வெட்டுற கோட்டைத் தாண்டி கலர் கொஞ்சம் வெளிய போகணும். கட்டிங்ல கத்தி அரை மில்லி நகந்தாலும் ஓரத்துல வெள்ளைக் கோடு தெரிஞ்சிரும், உன் கார்டுல வலது பக்கம் தெரியுது. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளிய விடு. அப்புறம் பின்பக்கம் நீ எழுதின சின்ன எழுத்தை நாலு கலர்லயும் கலந்து கருப்பு ஆக்கியிருக்காங்க, ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்காராம ரெஜிஸ்டர் ஒரு நூல் அவுட்டானாக்கூட ண, ஞ எல்லாம் சுழி அடைச்சு நிழல் விழுந்த மாதிரி ஆயிரும். சின்ன எழுத்துக்கு கருப்பு மை மட்டும் 100 சதவீதம், வேற எந்தக் கலரும் வேணாம். ரெண்டு பக்கமும் பளபளன்னு கிளாஸ் லேமினேஷன் போட்டது தப்பு. தபால் முத்திரை அதுல ஒட்டாம இழுத்துக்கிட்டுப் போயிருக்கு, பேனாவுல எழுதினா காயாது. முன்பக்கம் மட்டும் போடு, பின்பக்கம் எழுதுற பக்கம், அது பேப்பராவே இருக்கட்டும். கிளிப்பச்சை மங்கிப் போச்சு, அது உன் தப்பு இல்ல, ஸ்கிரீன்ல தெரியிற பச்சை நாலு கலர்ல வராது, அதுக்கு ஸ்பெஷல் மைதான் கலக்கணும். ப்ளீடு மட்டும் ஞாபகம் வச்சுக்க.

லேபிள்னா கீழ எந்தக் கம்பெனி எந்த ஊருன்னு இருக்கும். உன்னோடதுல ஊரு இருக்கு. உன் பேரு இருக்கு. பேருக்கு முன்னாடி கொஞ்சம் எடம் இருக்கு. நான் ஸ்கேல் வச்சுப் பாத்தேன், பார்டருக்கும் பேருக்கும் நடுவுல 19 மில்லிமீட்டர் வருது. ஒரு எழுத்து ஒரு புள்ளி, 14 பாயிண்ட்ல போட்டாலும் ஒரு சென்டிமீட்டர் எடுக்காது. உங்க அம்மா சொல்றா அங்க எல்லாருமே அப்படித்தான் போடுறாங்களாம், இனிஷியல்னா அந்த ஊரு ஆளுங்களுக்குப் புரியாதாம். இருக்கலாம். பேரை நடுவுல நிறுத்தணும்னு டிசைனுக்காக விட்டிருப்ப. நான் அத கேக்கல.

அப்பத்தாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு கட்டு பிரிச்சாச்சு, கார்டை மூக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டு கிளின்னு சொல்லுச்சு. தம்பி படிக்கிறான். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதுல இருந்து காலண்டர் வேலை ரெண்டு ஷிப்டு ஓடுது. நீ நேரத்துக்கு சாப்புடு. அம்மாட்ட தினம் பேசுற, நான் போனை வாங்கினா கிளாஸுக்கு டைம் ஆச்சுங்கற. படிக்கிற புள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும், அவ்வளவு தூரத்துல தனியா இருக்க, எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ரெண்டு வார்த்தை பேசலாம். உன்னை அனுப்ப நான் யார் யார்கிட்ட போயி நின்னேன்னு உனக்குத் தெரியும், அதுக்காகச் சொல்லல.

டீக்கடையில கார்டைக் காட்டுனேன்னு சொன்னேன்ல. கட்டைவிரலை உன் பேரு மேல வச்சுக்கிட்டுத்தான் காட்டுனேன். அப்பாவோட எழுத்தக் காணோமேன்னு யாராவது கேட்டுருவாங்கன்னு. வீட்டுக்கு வந்து ராத்திரி மறுபடி எடுத்துப் பாக்கும்போதுதான் கிளியோட வாலைப் பாத்தேன். மேல தூக்கி வளைஞ்ச வாலு. தெரிஞ்ச கிளி அது.

நீ பதினொண்ணு படிக்கும்போது நோட்டுல வரைஞ்ச கிளி. காலண்டர் ஆர்டர் குடுத்த பார்ட்டிக்குக் காட்டிட்டு வர்றேன்னு வாங்கிட்டுப் போனேன், பிடிக்கலையாம் பாப்பான்னு வந்து சொன்னேன். பிடிச்சிருந்துச்சு. மொத தடவையே ஓகே சொல்லிட்டாங்க. யாருய்யா வரைஞ்சதுன்னு கேட்டப்ப நான்தான்னு வாயில வந்திருச்சு பாப்பா. அந்த வருஷம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையங்களா உள்ள எடுத்துக்கிட்டு இருந்தாங்க, மெஷின் மட்டும் தெரிஞ்சவங்களை எப்ப நிறுத்துவாங்கன்னு தெரியாது, எனக்கு டிசைனும் வரும்னு காட்டுனா தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். இதெல்லாம் சொல்லிச் சமாளிக்கிறதுக்காக எழுதல, நடந்தது இதுதான். 2000 ரூபா குடுத்தாங்க, உனக்கு பேக்கும் செருப்பும் வாங்கினேன், மீதியை வீட்டுல போட்டேன். அந்தப் பச்சைய நானே கையால மை கலந்தேன், நாலு தடவை கலந்து பாத்து அஞ்சாவது தடவைதான் வந்துச்சு, வேற யாரையும் அந்த மெஷின்கிட்ட விடல.

மறு வருஷம் பொங்கலுக்கு சித்தி வீட்டுக்குப் போனப்ப சுவத்துல தொங்குச்சு. நீ அந்தக் காலண்டர் முன்னாடி நின்ன. நான் வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ திரும்பி என்னைப் பாத்துட்டு சித்திகிட்ட தண்ணி கேட்ட. அப்ப நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அன்னைக்கு உன் பேரை எடுத்துட்டு என் பேரை வச்சேன், இன்னைக்கு ஒரு எழுத்துக்கு ஸ்கேல் வச்சு அளக்குறேன்.

உங்க அம்மாவுக்கு இது தெரியாது. நானே சொல்லிர்றேன்.

கார்டு ஃபைலை அனுப்பு, எழுத்தையெல்லாம் அவுட்லைன் பண்ணி பிடிஎஃப்பா அனுப்பு, இல்லைன்னா இங்க ஃபாண்ட் மாறிடும். சீசன்தான், ஆனா ஞாயித்துக்கெழம காலைல மெஷின் சும்மாதான் இருக்கும், நானே ஓட்டுறேன், 300 ஜிஎஸ்எம் அட்டை, ஒரு பக்கம் மட்டும் கோட்டிங். கிளிக்கு நாலு கலர் வேணாம், அந்தப் பச்சைய மறுபடி கலக்குறேன், எவ்வளவு மஞ்சள் எவ்வளவு நீலம்னு இன்னும் கையில இருக்கு. உன் பேரு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், ஒரு புள்ளி கூட நான் வைக்க மாட்டேன். ப்ளீடு மட்டும் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டு அனுப்பு.

அப்பா