குடிநீர் இயந்திரத்தின் புற ஊதா விளக்கு மாற்றம்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

தரைத்தளக் கூடத்தில் உள்ள குடிநீர் இயந்திரத்தின் புற ஊதா விளக்கை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை மாற்றவிருப்பதால், அந்த நேரத்தில் அங்கே தண்ணீர் பிடிக்க இயலாது.

விளக்குதான் நீல நிறத்தில் எரிகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். கிருமிகளின் மரபணுவைச் சிதைத்து அவை பெருகாமல் தடுப்பது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் கதிர். ஏறத்தாழ 9,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஓராண்டு எரிந்த விளக்கில் அந்தக் கதிர் குறைந்துபோனாலும் நீல ஒளி தெரிந்துகொண்டேதான் இருக்கும். மேலும், குளோரினைப் போல இக்கதிர் நீரில் தங்கிக் காப்பதில்லை என்பதால், விளக்கைக் கடந்து வந்த நீர் அழுக்கான குழாய் முனையில் மீண்டும் கெடலாம். நேற்று அந்த முனையின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தபோது வழுவழுப்பான பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தைகள் குடிக்கும் நீர் என்பதால் மனம் பொறுக்கவில்லை.

1. சனிக்கிழமை இரவே தேவையான நீரைப் பிடித்து வையுங்கள்.
2. பாட்டிலின் வாய் குழாய் முனையில் படாமல் பிடியுங்கள். இது எந்நாளுக்கும் பொருந்தும்.
3. பணியின்போது பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். எரியும் விளக்கை நேராகப் பார்த்தால் கண் பாதிக்கப்படும்.
4. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் படிந்த உப்பைத் துடைக்கவும், முனைகளையும் தட்டையும் கழுவவும் இருவர் தேவை.

உதவ வருபவர்கள் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் வீட்டு எண்ணை இங்கே பதிவிடுங்கள். மற்றவர்கள் ‘பார்த்தேன்’ என்று பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– செயலாளர்