மகளிர் கைவினை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்கள் என்று நம்புவோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். சுதந்திர தினம், கொலு, பொங்கல் கோலப்போட்டி, மகளிர் தினம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஆடி மாதக் கூட்டம் போதிய ஆள் இல்லாததால் நடக்கவில்லை.

இனி, நம் நினைவுப்பொருள் வேலைப்பாடு பற்றி. பிறந்த வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, அதைச் சுவரில் மாட்டும் கைவேலையாக்க வேண்டும் என்று போன ஆண்டு நான் சொன்னபோது, "பரண் குப்பையை எல்லாம் இங்கே கொட்டணுமா?" என்று ஒரு குரல் வந்தது. சரி, போகட்டும். அந்தக் குரலுக்கு உரியவரின் அம்மா கட்டிய கண்டாங்கிச் சேலைதான் இன்று இந்தக் கூடத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் வேலைப்பாடு.

வந்த பொருள்களில் தூளி கட்டிய சுங்குடிச் சேலைகள்தான் அதிகம். மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததில் ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அச்சு. நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமே இப்போதுதான் தெரிந்தது. பழைய சாயம் இறங்குமா என்று ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றிலும் கை வைத்தோம்.

பட்டுப் பாவாடைகள் பெரிய பாடுபடுத்தின. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும்; ஊசி பட்டால் கிழியும். அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்துச் சேர்த்துத் தைத்தோம். இன்லேண்ட் கடிதங்களையும், ஒருவரின் பிறப்பைத் தாத்தாவுக்குச் சொன்ன தந்தியையும் ஒட்டவே இல்லை. பசை பட்டால் மை கலங்கும். மைதாப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. கலர் ஜெராக்ஸ் எடுத்து அதைச் சட்டத்துக்குள் வைத்தோம். அசல் அவரவர் வீட்டுக்கே திரும்பியது. 2013 ஜூலையோடு தந்தியே நின்றுவிட்டது, இன்னொன்று எங்கே போய் வாங்குவது? ஒரு மரப்பாச்சி ஜோடிக்குத் தைத்த குட்டிப் பாவாடை, உடையவரின் பழைய பாவாடைத் துணியிலேயே ஆனது.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். பாட்டியின் கல்யாணப் பட்டைத் தருவதாகப் பெயர் கொடுத்திருந்த உறுப்பினர் ஒருவர், தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவி வந்தவரிடம் அதைப் போட்டுவிட்டார். அந்த ஆளுக்குப் பாட்டியும் வேண்டாம், பட்டும் வேண்டாம். அசல் ஜரிகையில் இருக்கிற வெள்ளிதான் வேண்டும். பணம் தேவைப்பட்டிருக்கலாம், அதில் நான் தலையிடவில்லை. கரையை மட்டுமாவது ஒரு சாண் வெட்டி வைத்திருக்கலாம். அப்புறம், பெயர் கொடுத்துவிட்டுக் கடைசிவரை எட்டிப்பார்க்காதவர்கள் பட்டியல் தனியாக இருக்கிறது. நாகரிகம் கருதி வாசிக்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சந்தா கட்டியவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். கண்ணாடிச் சட்டக் கடைக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி என் கைப்பணம். அது கணக்கில் வராது, வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், தையல் மிஷின் கொடுத்துதவிய அக்காவுக்கும், டீ போட்டுத் தந்த அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கண்ணாடி வளையல், பல்லாங்குழிச் சோழி, அப்பாக்களின் வேட்டிக் கரை ஆகியவற்றில் வேலை செய்யலாம் என்று யோசனை. சட்டம், நூல், எம்பிராய்டரி வளையம் வாங்கக் காசு வேண்டும்; உட்கார்ந்து தைக்க ஆள் அதைவிட வேண்டும். புதிய செயலாளர் யாராவது முன்வந்தால் பீரோச் சாவியை இன்றே தர நான் தயார். இதுவரை யாரும் பெயர் தரவில்லை. பொருளாளர் அக்கா டீ வேளையில் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். ரசீதுப் புத்தகம் அவர் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்