மெர்ல் ஹேகர்டின் அம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்ட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் எழுதவும் ஒருவர் இருக்கிறாரே என்று மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ‘சிறையில் பட்டதை அப்படியே பாட்டாக்கியவர்’ என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ‘அப்படியே’தான் உறுத்துகிறது.

1968-இல் வந்த ‘மம்மா ட்ரைட்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், நான்தான் கேட்கவில்லை என்று ஒரு கைதி பாடுகிறான். அவனுக்கு 21 வயது சிறையில்தான் நிறைகிறது. அது ஹேகர்டுக்கும் நடந்தது. ஆனால் அவனுக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை என்கிறது பாட்டு. ஹேகர்ட் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓர் உணவகத்தில் புகுந்து திருடப் பார்த்துப் பிடிபட்டவர். 1958-இல் சான் குவென்டின் சிறைக்குப் போய், 1960-இல் பரோலில் வந்துவிட்டார். மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

தண்டனையை இவ்வளவு கூட்டிப் பாடியவர், சாக்குச் சொல்ல நினைத்திருந்தால் அவருக்கா காரணம் கிடைக்காது? ஓக்லஹோமாவில் பிழைக்க வழியில்லாமல் கலிஃபோர்னியாவுக்கு வந்த குடும்பம். ஆயில்டேலில் பழைய சரக்கு ரயில் பெட்டி ஒன்றை அப்பா வீடாக மாற்றினார். அதில்தான் ஹேகர்ட் வளர்ந்தார். அவருக்கு 9 வயதாகும்போது, 1946-இல், அப்பா இறந்துபோனார். அப்புறம்தான் பையன் கைமீறிப் போனான். அந்தச் சாவு பாட்டிலும் வருகிறது. எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் கெட்டதற்கு அதுதான் காரணம் என்று அவன் ஓரிடத்திலும் சொல்வதில்லை. அப்பா போனதில் அம்மா தலையில் எவ்வளவு பாரம் விழுந்தது என்றுதான் சொல்கிறான். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

‘சிங் மீ பேக் ஹோம்’ பாட்டும் இப்படித்தான். ‘ராபிட்’ என்று எல்லோரும் கூப்பிட்ட சிறை நண்பர் ஒருவர், தப்பிப்போகத் திட்டம் போட்டபோது, உனக்குப் பாட்டு இருக்கிறது, நீ வராதே என்று ஹேகர்டைத் தடுத்தார். தப்பிய அவர் ஒரு காவலரைக் கொன்று, மரண தண்டனைக்கு ஆளானார். அந்தத் துயரம்தான் பாட்டுக்கு விதை. பாட்டில், சாகப்போகும் நண்பன் கேட்டபடி கைதி ஒருவன் சிறையிலேயே அவனுக்காகப் பாடுகிறான். ஆனால் நிஜத்தில் தண்டனை நிறைவேறியது 1961-இல். ஹேகர்ட் அதற்கு முன்பே விடுதலையாகிவிட்டார்.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. இந்தப் பாட்டுகளெல்லாம் ஊரெங்கும் ஒலித்த நாட்களில், தான் சிறையில் இருந்தவன் என்பது வெளியே தெரிந்தால் என்னாகுமோ என்று ஹேகர்ட் பயந்துகொண்டிருந்தார். 1969-இல் இன்னொரு கன்ட்ரி பாடகரான ஜானி கேஷ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்து, இங்கேயே சொல்லிவிடு என்று தைரியம் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார். கேஷ் சான் குவென்டினில் பாடியபோது கைதிகளோடு உட்கார்ந்து கேட்டவர்தானே ஹேகர்ட்! 1972-இல் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அதற்குப் பிறகும் ‘மம்மா ட்ரைட்’ பாடுவதை அவர் விடவில்லை.

அந்த அம்மாவின் பெயர் ஃபிளாஸி. கணவர் போன பிறகு கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தவர். திருந்தட்டும் என்று மகனைச் சிறார் காப்பகத்தில்கூட விட்டுப் பார்த்தவர். உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்