கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டாயே

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோவை அடுத்த வீட்டு மாமி வரைக்கும் காட்டியாகிவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து போய்வந்த கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று போனில் நீ கேட்டபோது நான் "நல்லாதான் இருந்துச்சு" என்றேன். அதே நேரத்தில் அப்பா பின்னாலிருந்து "ஓட்டைக் கப்பல்" என்று கத்தினார். "ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான் போனீங்களா?" என்று நீ சிரித்துவிட்டு, அப்புறம் கோபமாகிவிட்டாய். குறைகளை எழுதி அனுப்புங்கள், கம்பெனிக்கு மெயில் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குகிறேன் என்றாய். அப்பா வாட்ஸாப்பில் இதற்குள் 14 குறையாவது அனுப்பியிருப்பார். அதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அறை. நீ காட்டிய படத்தில் இருந்த அறைக்கும் எங்களுக்குக் கிடைத்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. நாலாவது தளம், கப்பலின் பின்கோடி, ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒருவர் நின்றால் இன்னொருவர் உட்கார வேண்டும். குளியலறைக் கதவடியில் துரு. ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சரியாக அப்பாவின் தலைமாட்டில். அறையைக் கவனித்துக்கொண்ட கோவாக்காரப் பையன் ஒரு துண்டை நாலாக மடித்து அங்கே வைத்துவிட்டுப் போனான். காலையில் ஈரத்துண்டை எடுத்து உலர்ந்த துண்டை வைத்தான். ஐந்து நாளும் இதுதான் ரிப்பேர்.

இரண்டாம் நாள் கழிப்பறை வேலை செய்யவில்லை. கப்பலில் தண்ணீர் ஊற்றித் தள்ளுவதில்லை, காற்று உறிஞ்சி இழுக்கிறது. பல அறைகளுக்கு ஒரே குழாய். எவனாவது துணியோ நாப்கினோ போட்டுவிட்டால் அந்த வரிசையே நின்றுவிடுமாம். ஏழு மணி நேரம், கயல். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரியுமே. மேல்தளப் பொதுக் கழிப்பறைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினோம் என்று கணக்கே இல்லை. கால் வீங்கியது அதில்தான். இதைக் கட்டாயம் எழுது.

டிப்ஸ் விஷயத்தையும் எழுது. தலைக்கு நாளொன்றுக்கு 16 டாலர் தானாகவே எங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி நாள் பில்லில்தான் பார்த்தோம். "டிப்ஸ்னா நாமா கொடுக்கறது. அவனா எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு வேற" என்று அப்பா கவுண்டரில் தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அப்பா எழுதியதை அடித்துவிடு. சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து மதியம் தவறாமல் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. நான் கேட்கக்கூட இல்லை. அப்பா தட்டில் எதையும் தொடாமல் எழுந்ததைச் சமையற்கட்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

இனிமேல் பெரிய விஷயம்.

உங்கப்பாவை உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் என்ஜினோடு வாழ்ந்த மனுஷன். சிங்கப்பூரில் ஏறும்போதே கப்பலின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெயின்ட்டு மேல பெயின்ட்டா அடிச்சிருக்கான். எஃப்சி எடுத்திருக்கானா தெரியலையே" என்றார். கப்பலுக்கு முப்பது வயசுக்கு மேல். புறப்படுவதற்கு முன் எல்லோரையும் கூட்டி, ஏழு குட்டி ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா பாதுகாப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, விசிலை ஊதிச் சரிபார்த்துவிட்டுத்தான் கழற்றினார்.

முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணாடித் தம்ளர் அலமாரியில் கிணுகிணு என்று ஆடிக்கொண்டே இருந்தது. அப்பாவோ படுத்த அடுத்த நிமிஷம் குறட்டை. டிப்போ சத்தம் இல்லாமல் அவருக்கு ஓய்வுக்குப் பிறகு தூக்கமே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தைத் தாண்டிய ராத்திரி மூன்று மணி இருக்கும், அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சத்தம் மாறிடுச்சு" என்றார். தம்ளர் ஆட்டம் பாதியாகியிருந்தது. சுவரில் காதை வைத்துக் கேட்டார். "ஒரு பக்கத்து ஷாஃப்ட்ட நிறுத்திட்டான். ஒத்தக் கால்ல போறான்" என்று, கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிற தண்டைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். காலை எட்டு மணிக்குத்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: தொழில்நுட்பக் காரணங்களால் வேகம் குறைத்திருக்கிறோம், பினாங்கைக் காலையில் அல்லாமல் மதியம் இரண்டு மணிக்குச் சென்றடைவோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

மூன்று மணிக்கே தெரிந்ததை எட்டு மணி வரை மூடி வைத்தார்கள் பார், அதுதான் எனக்குக் கோபம். பஸ் நின்றால் கண்டக்டர் இறங்கி வந்து "பெல்ட்டு அறுந்துபோச்சும்மா, அரைமணி ஆகும்" என்று சொல்வான் இல்லையா. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

பினாங்குதான் எனக்கு இந்தப் பயணமே என்று உனக்குத் தெரியும், அதற்காகத்தான் நீ இந்தக் கப்பலைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாய். உன் தாத்தா, அதாவது என் அப்பா, அங்கே மார்க்கெட் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் எப்போதும் 'கடைத்தெரு' என்றுதான் சொல்வார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். 1966-ல், எனக்கு எட்டு வயசு, அவரைக் கூப்பிட நாகப்பட்டினத்துக்கு மாட்டுவண்டியில் போனோம். கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் தீப்பெட்டி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து படகில் ஆட்களை இறக்கிக் கொண்டுவருவார்கள். தாத்தா தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைல வாசனையும் புதுக் கைலி வாசனையும். எனக்கு இன்றைக்கும் வெளிநாடு என்றால் அந்த வாசனைதான்.

அவர் வந்த கப்பல் ராஜுலா. அது 1926-ல் கட்டியது என்று உங்கப்பா பிற்பாடு எங்கேயோ படித்துச் சொன்னார். அப்படியானால் தாத்தா வந்தபோது அதற்கு நாற்பது வயசு! மேல்தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஆயிரக்கணக்கான பேரோடு படுத்து வந்திருக்கிறார். 1973 வரைக்கும் அது ஓடியது. அப்புறம் சிதம்பரம் கப்பல் வந்தது, 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு நம் கரையிலிருந்து அந்தப் பக்கம் கப்பலில் போகிற வழக்கமே நின்றுபோனது. தாத்தா கப்பலைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறை சொல்லாத மனுஷர் இல்லை அவர், பாட்டியின் காபியைப் பற்றி நாள் தவறாமல் சொல்வார்.

சரி, இரண்டு மணிக்குச் சேர்ந்தோம். பாஸ்போர்ட் வரிசையில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். தண்ணீர்மலைக் கோயில் போச்சு, மலை ரயில் போச்சு. நல்லவேளை, துறைமுகத்திலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். அப்பா வீங்கின காலோடு முன்னால் நடந்தார். குயின் தெரு மாரியம்மன் கோயிலில் வாசலிலிருந்தே ஒரு கும்பிடு. 1833-ல் கட்டிய கோயில், நிதானமாகப் பார்க்க வேண்டியது, விட்டுவிட்டோம்.

தாத்தாவின் பழைய கடித உறையைக் கொண்டுபோயிருந்தேன். அதிலிருந்த கதவு எண்ணில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கல்லாவில் இருந்தது ஒரு தமிழ்ப் பையன். விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குப் பழைய கடையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்து தன் நாற்காலியைக் கடைவாசல் நடைபாதையில் போட்டு, "உக்காருங்க ஆன்ட்டி" என்றான். மேலே மாடி, கீழே தூண் வைத்த நிழல் பாதை. அங்கே அதை அஞ்சடி என்பார்கள். "ராத்திரி கடையைச் சாத்திட்டு அஞ்சடியில படுத்துக்குவோம்" என்று தாத்தா சொல்லும்போதெல்லாம் ஏதோ அறையின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். இது நிஜமாகவே தெருவோரம், கயல். இருபது வருஷம் அங்கே படுத்திருக்கிறார். பத்து நிமிஷம் அதில் உட்கார்ந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, மணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து மணி நேரம் கூடக் கிடைத்திருந்தால் இன்னும் நாலு பேரை விசாரித்திருக்கலாம். யாராவது ஒரு கிழவருக்காவது தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்ததும் நான் அறைக்குப் போகவில்லை. இந்தக் கப்பலில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கப்பலைச் சுற்றி முழுக்க மரப்பலகை போட்ட நடைதளம், கோயில் பிரகாரம் மாதிரி. மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்று எழுதி வைத்திருந்தார்கள். கடல் கைக்கெட்டுகிற தூரத்தில். பெரிய புதுக் கப்பல்களில் வேலை பார்த்திருந்த அந்தக் கோவாப் பையன் சொன்னான், அங்கே உள்ளே கடைவீதி, பனிச்சறுக்கு எல்லாம் இருக்கும், கடலைப் பார்க்கத்தான் தேடிப் போக வேண்டும் என்று. தினமும் விடியற்காலையில் நான் அங்கே நடந்தேன். போன வருஷம் மூட்டுவலி என்று தெருமுனை வரைக்கும் போகாதவள்.

அன்றைக்குச் சாயங்காலம் அதில் நிற்கும்போது கப்பல் வடக்கே திரும்பியது. வலது பக்கம் வயல்வெளிக்குப் பின்னால் தனியாக ஒரு மலை, மேற்கு வெயில் முழுக்க அதன் மேல். பக்கத்தில் நின்ற மலேசியத் தமிழ் அம்மா ஒருவர், "அது குனோங் ஜெராய், கெடா" என்றார். 1,217 மீட்டர் உயரமாம். அந்தக் காலத்தில் கடலோடிகள் அதை அடையாளம் வைத்துத்தான் கரை சேர்வார்களாம். "கெடான்னா என்ன தெரியுமா, உங்க ஊர்க்காரங்க சொல்ற கடாரம்தான்" என்றார். கும்பகோணத்துக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? 1025-ல் ராஜேந்திரன் படை போன கடாரம். பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்று நெட்டுருப் போட்டபோது அது ஒரு மலையடிவாரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ராஜேந்திரன் ஞாபகம் வரவில்லை. தாத்தாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு இந்த மலையைத்தான் பார்த்திருப்பார், இறங்கப் போகிறோம் என்று எழுந்திருப்பார் என்றுதான் தோன்றியது.

அப்பா இதற்குள் என்ஜின்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார். அரைகுறை ஆங்கிலமும் கையும் வைத்து அரைமணி பேச்சு. புதுக் கப்பல்கள் பலவற்றில் மோட்டாரையே கப்பலுக்கு அடியில் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்களாம், பின்பக்கத்தில் இந்த அதிர்வு இருக்காதாம். இதில் நீளமான ஷாஃப்ட் எங்கள் அறைக்குக் கீழேதான் ஓடியிருக்கிறது. பயணிகள் கப்பலுக்கு வருஷா வருஷம் பாதுகாப்புச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "பழைய பஸ்ஸுக்கும் அப்படித்தானே" என்றார். மறுநாள் இன்னொரு ஷாஃப்டும் ஓடத் தொடங்கியபோது, தம்ளர் மறுபடி ஆட ஆரம்பித்தபோது, என்னை எழுப்பிச் சொன்னார். உனக்கு அனுப்பிய 14 குறையில் இது இருக்காது.

புக்கெட் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அலை அதிகம் என்று கரைக்குக் கூட்டிப்போகும் படகை இறக்கவில்லை. தூரத்திலிருந்து ஹோட்டல்களைப் பார்த்தோம், திரும்பினோம். அது கப்பலின் குற்றமில்லை.

ஆகையால் நீ மெயிலில் எழுத வேண்டியவை: கழிப்பறை, ஏசி ஒழுகல், படத்தில் காட்டாத அறை, சொல்லாமல் எடுத்த டிப்ஸ், பினாங்கில் போன ஆறு மணி நேரம், அதை ஐந்து மணி நேரம் கழித்துச் சொன்னது. துறைமுகக் கட்டணம் என்று ஏதோ சொற்பம் திருப்பித் தந்திருக்கிறார்கள், அதையும் குறிப்பிட்டுவிடு, மறைக்க வேண்டாம். "கிழட்டுக் கப்பல்" என்று மட்டும் எழுதாதே. பழசு என்பதால் ஒழுகவில்லை, பார்க்காமல் விட்டதால் ஒழுகியது. உங்கப்பா கையில் இருந்த வண்டி எதுவும் வயசானதால் நின்றதில்லை.

பினாங்கில் கோடாலித் தைலம் ஒரு டஜன் வாங்கினேன். அவசரத்தில் விலை கூடக் கேட்கவில்லை. உனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். குட்டி மூக்கில் தடவிவிடாதே, எரியும்.

இதை அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "லிஃப்ட்ட விட்டுட்டியே" என்கிறார். லிஃப்டும் சரியில்லை. எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா