காலையில் கடிதம், மாலையில் கோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் ஆற்றுமணல் அகழ்வு பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியின் கடைசியில், "அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருக்கிறார்கள்" என்று இருந்தது. அந்த ஒரு வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. அவர்கள் நன்றாகவே காண்கிறார்கள். கண்டதை யாருக்குச் சொல்லவேண்டுமோ அவருக்கு உடனே சொல்லியும் விடுகிறார்கள்.

எனக்கு முந்தனை ஆற்றோரமாக மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. கடைசி இரண்டு மாரிக்குள் கரை இடிந்து, ஆற்றுப்பக்க வரம்பில் பாதி போய்விட்டது. ஆற்றின் அடியைப் பெக்கோ இயந்திரத்தால் தோண்டத் தோண்ட, வெள்ளம் வரும்போது கரையின் கால் அரிபடும். கோடையிலோ தண்ணீர் கிடங்குகளுக்குள் இறங்கிக் கிடக்கும், வாய்க்காலுக்கு ஏறாது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் எங்கள் வட்டவிதானையார் படித்தவரில்லை. ஒரு கம்பை மணலில் ஊன்றி, சுற்றிக் கையால் கிண்டி, இவ்வளவையும் எனக்கு விளங்கப்படுத்தினார்.

சரி, முறைப்படி போவோம் என்று ஒரு முறைப்பாட்டை எழுதினேன். மணல் ஏற்றும் டிப்பர் லொறிகளின் இலக்கங்கள், திகதி, இரவில் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பது வரை அதில் இருந்தது. சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். முத்திரை குத்திப் பிரதியும் தந்தார்கள். அப்போது காலை பத்தரை மணி.

மாலை ஆறு மணிக்கு ஒரு தொலைபேசிக் கோல். "சேர், உங்கட கடிதம் என்ட போனில இரிக்கு. நீங்க எனக்குப் படிப்பிச்ச ஆள் எண்டதாலதான் மரியாதையாச் சொல்றன். இதுகள உட்டுருங்க." எட்டாம் வகுப்பில் என்னிடம் இருந்த பிள்ளை, இப்போது டிப்பர் முதலாளி. மிரட்டினான் என்று பொலிஸில் சொல்லவும் வழியில்லை, அவ்வளவு பணிவு. வைப்பதற்கு முன், 'அகழ்வு' என்பதற்கு நான் 'ள' போட்டிருப்பதாகவும் சொன்னான். பிரதியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

கடிதம் ஏழரை மணித்தியாலத்தில் போன வழியைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் விசாரித்தால் சொல்வார்கள்: மணல் எடுக்கும் பேர்மிட் ஒருவர் பெயரில், அவரிடம் ஒரு மண்வெட்டிகூட இல்லை. பெக்கோ வேறொருவருடையது. டிப்பர்களில் இரண்டு, மேடையில் உட்காரும் அரசியல்வாதி ஒருவரின் மச்சானுக்குச் சொந்தம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மணல் பிரச்சினை எழும்பினால், "கவனத்தில் எடுக்கப்படும்" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போகச் சொல்பவரும் அந்த மேடைக்காரர்தான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி அரசியல்வாதிகள் சொத்துவிபரம் கொடுக்கிறார்கள். நல்லது. மச்சானின் டிப்பரை யார், எந்தப் படிவத்தில் எழுதுவார்?

எல்லா அதிகாரிகளும் அப்படியில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓர் இளம் உத்தியோகத்தர் ஒரு நாள் இரவு வந்து இரண்டு டிப்பர்களை மறித்தார். அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம். போகும்போது என்னிடம், "மறிச்சதுக்குப் பிறகு வந்த கோல்களுக்குப் பதில் சொல்லத்தான் சேர் கஷ்டம்" என்றார்.

கட்சியைச் சொல்லி ஆறுதல் தேடவும் முடியவில்லை. 2019 டிசம்பரில் அப்போதைய அமைச்சரவை மணல் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரமே வேண்டாம் என்று தூக்கியபோது, எங்கள் கரையில் டிப்பர்கள் திருவிழாவுக்கு வந்ததுபோல் வரிசையில் நின்றன. பிறகு பேர்மிட் திரும்பி வந்தது. அரசாங்கங்களும் மாறின. டிப்பரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்தார்கள், பசை அடையாளம் இன்னும் இருக்கிறது. ஓட்டம் நிற்கவில்லை.

கோல் வந்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். இந்த ஆற்றுத் துண்டில் பேர்மிட் யாருக்கு, எத்தனை கியூப் மணலுக்கு, எந்தத் திகதி வரை என்ற மூன்று கேள்விகள்தான். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொன்னார்கள்: மூன்றாம் ஆளின் தனிப்பட்ட தகவல், தரமுடியாது. ஆற்றுமணல் எப்போது ஒருவரின் அந்தரங்கம் ஆனது? பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மேன்முறையீட்டைக் கேட்கும் அதிகாரிக்கு மேசை, மறுத்தவரின் மேசைக்கு அடுத்தது. அவரும் கைவிரித்த பிறகு, இப்போது கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மணல் எடுக்கும் ஒவ்வொரு ஆற்றுத்துறையிலும் ஒரு பலகை வேண்டும். பேர்மிட்காரரின் பெயர், இலக்கம், கியூப், முடியும் திகதி ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி நட்டுவிட்டால், மாடு மேய்க்கும் பிள்ளையும் கணக்குப் பார்க்கும். அதோடு, முறைப்பாடு கொடுப்பவரின் பெயரைக் கிழித்து வேறாகப் பூட்டி வைத்துவிட்டு, முறைப்பாட்டுக் கோவைக்குள் இலக்கத்தை மட்டும் போடட்டும். தேர்தலில் யார் யாருக்குப் போட்டார் என்பதை இரகசியமாக வைத்து வாக்கை எண்ணத் தெரிந்த நாட்டுக்கு இது முடியாத காரியமா?

இந்தக் கடிதத்தில் என் பெயரைப் போடவேண்டாம் என்பது என் மனைவியின் வேண்டுகோள். யாருக்குத் தெரியக்கூடாது என்று பயப்படுகிறாளோ, அவர்களிடம் என் கையெழுத்தே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆகவே பெயரை விட்டுவிடுங்கள். 'அகழ்வு' இந்த முறை சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்.